குடத்தில் வந்த தீவு

எங்கள் அய்யா, வீட்டுக்கு வந்து போகிறவர்களின் கையை மோந்து பார்ப்பார். போடியில் எங்களுக்கு மலைத்தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் கடை இருந்தது. அரிசி, உப்பு, மிளகாய், கம்பளி, கருவாடு எல்லாம் லோடு லோடாக மேலே போகும். அதோடு போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சரிவில், சின்னதாக ஓர் ஏலத்தோட்டமும் இருந்தது. காயவைத்த காய் மூட்டையாக வீட்டுக்கு வந்து, விலை ஏறும் வரை உள் அறையில் கிடக்கும். ஒரு கைப்பிடி ஏலக்காயை மடியில் முடிந்துகொண்டு போனால் ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடலாம் என்பதால், மூட்டை வீட்டில் இருக்கும் நாட்களில் அய்யாவுக்கு யாரும் உறவில்லை. விடைபெறுகிறவரின் இரண்டு கைகளையும் பாசமாகப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்து, குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். பங்குச் சாமியாரின் கையையும் ஒருமுறை அப்படிப் பிடித்தார். பக்தியில் கைக்கு முத்தி செய்கிறார் என்று நினைத்துச் சாமியார் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மூக்கு எனக்கும் வாய்த்திருக்கிறது. பால் வாங்கினால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். இனாமாக ஏதாவது கொடுத்தால் இரண்டு நாளைக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் சந்தேகம் என்பது கோபமோ வெறுப்போ இல்லை; காலையில் பல் துலக்குவதுபோல அது ஓர் ஒழுங்கு.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் போடி ரயிலின் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஐம்பதுகளில் அதைத் திரும்பப் போட்டு ரயில் விட்டபோது ஊரே போய் நின்று பார்த்தது. அய்யா பார்க்கவும் போகவில்லை, ஏறவும் இல்லை. "ஒருக்கா பிடுங்கினவன் மறுக்கா பிடுங்கமாட்டான்னு என்ன நிச்சயம்? நாம மதுரையில இருக்கையில பிடுங்கிட்டான்னா, நடந்தா வர்றது?" என்று கேட்டார். சரக்கு எடுக்க மதுரைக்குப் போவதென்றால் பஸ்சில்தான் போவார். டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

இப்படிப்பட்டவர் தன் ஒரே மகளான எனக்கு மாப்பிள்ளை பார்த்தால் எப்படி இருக்கும்? ராசிங்காபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தொழுவத்துல மாடு எலும்பும் தோலுமா நிக்கிது. மாட்டுக்குப் போடாதவன் இவளுக்கா போடப்போறான்?" என்றார். தேவாரத்தில் நல்ல நஞ்சை உள்ள குடும்பம் ஒன்று கேட்டது. அவர்கள் தோட்டத்தில் எப்போதாவது யானை இறங்கும். "காவலுக்கு ஆள் குறையுது. அதான் பொண்ணு கேக்குறாங்க" என்று அதையும் தட்டிவிட்டார். மதுரைப் பையன் சட்டையில் கசங்கலே இல்லை என்பது குற்றமாகப் போயிற்று. என்னோடு படித்த பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு கோயிலுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவே எனக்குப் பிடிக்காமல் போனது. அய்யா மேல் எனக்கு அப்போது இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தீவுக்காரர் வந்தார். கடையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிழக்குக் கடலில், கரையிலிருந்து பாய்மரத் தோணியில் அரைநாள் போகும் தூரத்தில், ஒரு சின்னத் தீவு. அங்கே அவர் குடும்பம் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து அங்கேயே குடியிருந்தது. தேங்காயும் கருவாடும் கரைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் கடைக்கு வரும். கருவாடு இல்லாமல் எஸ்டேட் ஆட்களுக்குச் சோறு இறங்காது. அதனால் மாதம் ஒருமுறையாவது வந்து, கடைக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் தங்கி, சரக்கைத் தள்ளிவிட்டுப் போவார். எங்கள் மதத்தார், எங்கள் ஆட்கள். தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்லிக்கொண்டார்கள். அய்யாவுக்கு அவரிடம் முதல் சந்தேகமே அந்தக் கருவாட்டு வாடைதான். "இந்தக் கையில எத்தனை காயை ஒளிச்சாலும் மூக்குக்குத் தெரியாதே" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார்.

தீவைப் பற்றிக் கேட்டால் தீவுக்காரர் மறைக்காமல் சொல்வார். அதுவும் வினையாகப் போயிற்று.

"அங்க எம்புட்டு ஒசரம் தம்பி?" என்று அய்யா ஒருநாள் ஆரம்பித்தார். கடை வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். போடிக்காரர்களுக்கு எந்த இடமும் இவ்வளவு உயரம், இத்தனை வளைவு என்றுதான் மனதில் நிற்கும்.

"ஒசரமே கிடையாது அண்ணாச்சி. தட்டையா கிடக்கும். நின்னாப்புல இந்தக் கரையும் தெரியும், அந்தக் கரையும் தெரியும்."

"ஒசரம் இல்லைன்னா கடல் ஏன் அத மூடாம விட்டுவச்சிருக்கு?"

"அதுதான் எங்களுக்கும் தெரியல" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அடுத்து, அந்தத் தீவு இடம் மாறும் என்றார். தென்மேற்குக் காற்றில் தென்கரை மணல் வடக்கே போய்விடுமாம். வாடைக்காற்றில் திரும்பி வந்துவிடுமாம். சுற்றிலும் பவளப்பாறை இருப்பதால் நடுப்பகுதி மட்டும் அசையாமல் இருக்குமாம். தோட்டத்து எல்லைத் தகராறில் பாதி ஆயுளைக் கழித்த அய்யாவுக்கு இது தாங்கவில்லை. "அப்ப எல்லைக்கல்லை எங்க நடுவீங்க?" என்றார். கல்லே நடுவதில்லை, தென்னை மரத்தை வைத்து இன்னார் இடம் என்று சொல்லிக்கொள்வோம் என்று பதில் வந்தது. கல் நடாத ஊரில் என்ன யோக்கியதை இருக்க முடியும் என்று அய்யா அன்று முழுக்க முணுமுணுத்தார்.

கடலுக்கு அடியில் புல் முளைக்கிறது, அதை மேய ஒரு பசு வருகிறது, அது குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்று சொன்ன அன்று கடையே சிரித்தது.

"வேளைக்கு எம்புட்டுக் கறக்கும்?" என்று என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கேட்டார். கடையில் அய்யாவுக்குக் கூடமாட இருந்தவர் அவர்தான்.

"கறந்து பாத்ததில்ல அண்ணே. குட்டி மிச்சம் வச்சாத்தானே" என்றார் தீவுக்காரர், முகம் மாறாமல்.

தீவின் வரலாறும் அப்படித்தான் வந்தது. முத்துக் குளிக்கப் பறங்கியர் வந்தார்கள், பவளக்கல்லை அறுத்துச் சின்னதாக ஒரு கோயில் கட்டினார்கள், போய்விட்டார்கள். ஒல்லாந்தர் வந்து அந்தக் கோயிலில் சங்கு மூட்டைகளை அடுக்கினார்கள், அவர்களும் போனார்கள். வெள்ளைக்காரன் வந்து கொடிக்கம்பம் நட்டான். காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. இப்போது பத்து வீடுகூட இல்லை. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குச் சாமியார் தோணியில் வருவார். அப்போதுதான் ஞானஸ்நானம், கல்யாணம், செத்துப்போனவர்களின் கல்லறைக்குச் செபம் சொல்லி மந்திரிப்பு எல்லாம்.

கடையில் மற்றவர்கள் கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அய்யா மட்டும் கண்ணை இடுக்கினார். "ஒவ்வொருத்தனும் வந்தான், போனான்னு சொல்றியே தம்பி. நல்ல ஊர்னா ஏன் போறான்?"

தீவுக்காரர் கொஞ்சம் தயங்கினார். "தண்ணி காணாது, பத்தாது அண்ணாச்சி. கொஞ்சம் ஆளுக்குத்தான் காணும். கூட்டம் சேந்தா கிணறு உப்பாயிரும்."

அன்றைக்கு அய்யாவின் மனதில் அது விழுந்தது. இடம் மாறும் மணலையும் கடல்பசுவையும் அவர் மறந்துவிட்டார். தண்ணீரை மறக்கவே இல்லை.

எனக்கும் தீவுக்காரருக்கும் நடுவில் அப்போது இருந்ததெல்லாம் ஒரு கிணறுதான். கடைக்குப் பின்னால் எங்கள் வீடு; வீட்டுக்குப் பின்னால் கிணறு. மலை ஊற்று அதில் இறங்குவதால் கோடையிலும் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். வெளியூர் வியாபாரிகள் காலையில் அங்கேதான் குளிப்பார்கள். தடதடவென்று வாளியை இறக்கி, இழுத்து, தலையில் ஊற்றிக்கொண்டு போவார்கள். தீவுக்காரர் அப்படி இல்லை. வாளியைச் சத்தமே இல்லாமல் இறக்குவார். அரை வாளிதான் மொள்ளுவார். மேலே கொண்டுவந்து ஊற்றிவிட்டு, கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் அரை வாளி. ஒரு குளியலுக்கு அரைக்காலை போய்விடும்.

அடுப்படி ஜன்னலிலிருந்து நானும் அம்மாவும் இதைப் பார்த்தோம். "அவன் உன்னையத்தான் பாக்க உக்காந்திருக்கான். ஜன்னலைச் சாத்து" என்றார் அம்மா. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் நான் நன்றாகக் கவனித்தேன். ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அய்யாவோ, கிணற்றில் ஏதோ போடுகிறான் என்று முடிவுகட்டி, மாமாவைக் கயிற்றில் இறக்கித் தேடவைத்தார். எப்போதோ விழுந்த எங்கள் செம்பு ஒன்றுதான் கிடைத்தது.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார். "கிணத்தடியில உனக்கு என்ன தம்பி அம்புட்டு நேரம் சோலி?"

அவர் வெட்கப்பட்டுப்போனார். "கை பழக்கம் அண்ணாச்சி. எங்க கிணத்துல மழைத்தண்ணி, உப்புத்தண்ணிக்கு மேல பால்ல ஏடு மாதிரி மிதக்கும். வெரசா இழுத்தா உப்பு மேல ஏறிரும். அரை வாளி எடுத்துட்டு, திரும்ப ஊறட்டும்னு உக்காரணும். சின்னப்பிள்ளையிலேருந்து இப்படித்தான். உங்க கிணத்துல அது வேண்டாம்னு தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது."

நான் நம்பினேன். என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. பொய்யான ஒரு தீவுக்காக ஒரு மனுசன் தினமும் காலையில் ஈரத்துணியோடு குளிரில் உட்கார்ந்திருப்பானா என்று யோசித்துப் பார்த்தேன். மார்கழிப் போடியில் அது முடியாத காரியம்.

அடுத்த லோடோடு அவருடைய தாய்மாமன் வந்தார். தட்டில் பூவும் பழமும் வைத்து என்னைப் பெண் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பாத மனுசன் எப்போது என்னைப் பார்த்தார் என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இருந்தாலும், எனக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அய்யா முடியாது என்று சொல்லவில்லை. வீடு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பெண் கொடுக்கும் ஊரில் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் பேச்சை முடிப்பதில்லை.

அய்யாவும் மாமாவும் பஸ் மாறி பஸ் மாறி, கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தோணிக்காரர் கையை நீட்டி, "அந்தா தெரியுதுல்ல" என்றாராம். அய்யா பார்த்தார். தண்ணீர்தான் தெரிந்தது. மாமா சொன்னபடி பார்த்தால் அவர் கடலைப் பார்க்கவே இல்லை, கடலுக்கு மேலே பார்த்தார். தீவு என்றால் கடலிலிருந்து ஒரு மலை எழுந்து நிற்கும் என்று எண்ணிக்கொண்டு, போடிமெட்டுக்குப் பழகிய கண்ணால் வானத்தில் தேடியிருக்கிறார். கழுத்து வலித்து, கடைசியில் கீழே பார்த்தபோது, வானமும் கடலும் சேரும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. தோணியையும் சுற்றிவந்து பார்த்தார். பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தார்கள். மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகளில் லாரியின் மூட்டைமேல் உட்கார்ந்து போகிறவர், அந்தத் தோணியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கே தீவில் மீன் குழம்பு வைத்து, புதுப்பாய் விரித்து, அவர்கள் சாயங்காலம் வரை காத்திருந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "தீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு கோடு. மேகமோ, கப்பல் புகையோ, யாருக்குத் தெரியும்? கோட்டுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது" என்றார். நான் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அம்மா சோற்றை மூடிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இதைக் கேள்விப்பட்ட தீவுக்காரர் அடுத்த முறை கருவாட்டோடு ஒரு செம்புக்குடத்தையும் கொண்டுவந்தார். வாயில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, துணி சுற்றி, மெழுகால் அடைத்திருந்தார். தோணி, வண்டி, பஸ், ரயில் எல்லாவற்றிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

"நீங்கதான் வர மாட்டேன்னுட்டீங்க அண்ணாச்சி. அதான் தீவைக் கொண்டாந்துட்டேன். குடிச்சுப் பாருங்க."

அய்யா குடத்தைச் சுற்றிப் பார்த்தார், மெழுகைச் சுரண்டிப் பார்த்தார், ஒரு மடக்குக் குடித்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அம்மாவிடம் நீட்டினார். அம்மா அந்தத் தண்ணீரில் பருப்பு போட்டார். அடுப்பில் விறகு தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். மத்தியானம் கழிந்தும் பருப்பு கல்லுக்கல்லாகக் கிடந்தது. மாட்டுக்கு வைத்தார்கள். மாடு மோந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தது.

அய்யாவுக்கு வேறென்ன வேண்டும்? "பாத்தியா? பருப்பு வேகாத தண்ணியக் குடிச்சா இவ வயித்துல என்ன வேகும்? தம்பி, மனசுல வச்சுக்காத. கருவாட்டு யாவாரம் எப்பவும்போல நடக்கட்டும். பொண்ணுப் பேச்சு வேண்டாம்."

தீவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அதுவரை ஆண்கள் பேசும் இடத்துக்கு வந்து பேசியதில்லை. ஆத்திரம் தாங்காமல் அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

"அய்யா, வர்ற வழியில மதுரையில குழாய் இருக்குல்ல? வைகை இருக்குல்ல? நம்ம கிணறே பின்னால இருக்குல்ல?"

"அதுக்கு?"

"பொய்க்காரனா இருந்தா இதக் கொட்டிட்டு நல்ல தண்ணியா நெப்பிக் கொண்டாந்து, இதான் எங்க ஊர்த் தண்ணின்னு சொல்லியிருக்க மாட்டானா? பருப்பு வேகாத தண்ணிய எவனாச்சும் பொண்ணு கேக்கக் கொண்டாருவானா?"

அய்யா என்னைப் பார்த்தார். நான் அழுதிருந்தால் அவர் மனம் இளகியிருக்காது. அழுகையை அவர் நம்பமாட்டார். ஆனால் இது அவருடைய கணக்கு, அவருடைய மூக்கு. குடத்தைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். பிறகு மாமாவிடம், "சாமியார்கிட்ட ஓலை வாசிக்கச் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் அய்யா எழுந்து நின்றுவிடுவாரோ என்று நான் அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. குடம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கல்யாணம் முடிந்து நான் தீவுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் சொன்ன ஒவ்வொன்றையும் போய்ச் சரிபார்த்தேன். கட்டிக்கொண்டதற்காகச் சரிபார்க்காமல் விட முடியுமா? மணல் காற்றோடு வடக்கே போனது, திரும்பி வந்தது. பவளக்கல் கோயிலின் சுவரில் சங்கு மூட்டை உரசிய தடம் இருந்தது. கடல்பசுவை ஒருநாள் தோணியிலிருந்து பார்த்தேன். குட்டியை அணைத்துக்கொண்டு மூச்சு விட மேலே வந்தது. தாழம்புதருக்குப் பக்கத்தில் அந்தக் கிணறு, இடுப்பளவு ஆழம்கூட இல்லாத ஒரு பள்ளம். அரை வாளி எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க எனக்கும் பழக்கினார்கள். சும்மா உட்காருவது முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, ஒரு நாளில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம் அதுதான் என்று தெரிந்தது.

சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து மட்டும் இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, அடியில் தரையோடு தரையாகப் படர்ந்து காய்க்கும் என்று சொன்னேன். மேகம் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து பாயை நனைத்துவிட்டுப் போகும் என்றும் சொன்னேன். மாமியார் மகனைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளை நல்லாத்தான் இருக்கு. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றார். கடல்பசுவுக்குக் கடையில் எல்லோரும் சிரித்தபோது என் வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று புரிந்தது. இவர் சிரிக்காமல், நான் சொல்வதெல்லாம் மெய் என்று தாயிடம் சத்தியம் செய்தார்.

மறுவருடம் ஐப்பசியில் ஒரு காற்று அடித்தது. கடல் தோப்புக்குள் ஏறி வந்து, கிணற்றை நிறைத்துவிட்டு இறங்கிப் போனது. அதன்பிறகு அரை வாளி எடுத்தாலும் உப்பு, கால் வாளி எடுத்தாலும் உப்பு. கரையிலிருந்து பீப்பாயில் தண்ணீர் வந்தது. காற்று மாறினால் தோணி வராது. வீட்டுக்கு வீடு செம்பால் அளந்து கொடுத்தார்கள். நான் அப்போது உண்டாகியிருந்தேன். மாமியார் தன் பங்கை எனக்கு ஊற்றிவிட்டு, இளநீரைக் குடித்துச் சமாளித்தார். நல்ல மழை பெய்தால் மறுவருடம் கிணறு தானாகத் தேறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பயமாகவும் இருந்தது.

தலைப்பிரசவத்துக்குப் போடிக்கு அழைத்து வந்தார்கள். வந்த மறுநாள் காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். சத்தமில்லாமல் வாளியை இறக்கி, அரை வாளி எடுத்து ஊற்றிவிட்டு, சுவரில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நிமிர்ந்தால் கொல்லைக் கதவருகே அய்யா நின்றுகொண்டிருந்தார்.

அவர் கிட்டே வந்தார். என் கையைப் பிடித்தார். மோந்து பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"ஆத்தா, அங்க குடிக்கத் தண்ணி இருக்கா?"

இத்தனை காலமும் தீவைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் இந்த ஒரே கேள்விதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உயரம் கேட்டதும், எல்லைக்கல் கேட்டதும், வந்தவன் ஏன் போனான் என்று கேட்டதும் எல்லாம் இதுதான். உண்மையைச் சொன்னால் திரும்ப அனுப்பமாட்டார். அங்கே எனக்காக ஒருத்தர் காத்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவி தாகத்தோடு இருந்தார்.

"இருக்கு அய்யா. நெறைய இருக்கு" என்றேன்.

"சரி" என்றார். மறுகேள்வி கேட்கவில்லை. கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். உண்மை சொன்னவர்களை எல்லாம் குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்டவர், நான் சொன்ன ஒரே பொய்யை நம்பிவிட்டாரே என்று எனக்கு மனசு கனத்துப் போனது.

பெண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு நான் கிளம்பும் நாள் வந்தது. கரையில் தோணியோடு இவர் காத்திருப்பார். கரை வரைக்கும் மாமா துணைக்கு வருவார் என்று ஏற்பாடு. பஸ்சில் குழந்தை அலுங்கும் என்பதால் ரயிலில் போகச் சொன்னார் அம்மா. மாமா பைகளை ஏற்றினார். நான் குழந்தையோடு ஏறி உட்கார்ந்தேன். அப்போது ஸ்டேஷன் வாசலில் அய்யா வருவது தெரிந்தது. தோளில் அந்தச் செம்புக்குடம். அதே சிரட்டை மூடி. புதுத்துணி சுற்றி, மலைத்தேன் மெழுகால் இறுக்கி அடைத்திருந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உள்ளே அலம்பும் சத்தம் கேட்டது.

"இத நான் பிடிச்சுக்குறேன் அத்தான், கொண்டாங்க" என்று மாமா கை நீட்டினார்.

அய்யா கொடுக்கவில்லை. வண்டியை மேலும் கீழும் பார்த்தார். தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு படியில் கால் வைத்து ஏறி, என் எதிரே வந்து உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். "மச்சான், நீ கடையப் பாரு. நான் தோணி வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றார். மாமா வாய் திறந்தபடி கீழே நின்றார்.

"அய்யா, அங்கதான் தண்ணி நெறைய இருக்குன்னு சொன்னேன்ல?"

"சொன்னே ஆத்தா" என்றார்.

ரயில் நகர்ந்தது. அவர் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, குடத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.